இளம் ஐஸ் ஹாக்கி வீரர்களை எடைபோடும்போது ரசிகர்கள் செய்யும் தவறுகள்

வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லில் அணிகள் ஆண்டுதோறும் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதை டிராஃப்ட் என்பார்கள். 2019 டிராஃப்டில் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணி 6-வது தேர்வாக ஜெர்மனியைச் சேர்ந்த மோரிட்ஸ் சைடரின் பெயரைச் சொன்னதும் அந்த அணியின் ரசிகர்கள் பலர் கொதித்துப்போனார்கள். பெரிய பெயர்கள் இன்னும் பாக்கி இருக்க, இவரை எதற்கு இவ்வளவு சீக்கிரம் எடுத்தார்கள் என்பதுதான் அன்றைய கேள்வி. 2022-ல் அதே சைடர் அந்த சீசனின் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையை வாங்கினார். அன்று கோபப்பட்டவர்களில் அவர் ஆடிய ஒரு முழு ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மிகக் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள். தரவரிசைப் பட்டியல்களில் அவர் பெயர் இன்னும் கீழே இருந்தது, அது போதுமானதாக இருந்தது.

என்எச்எல் அணிகளின் இளம் வீரர்களைப் பற்றிய விவாதங்கள் கெட்டுப்போவதற்கு இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். 18 வயதில் ஒருவர் உருவாகி முடிந்துவிட்டார் என்பது போலப் பேசுகிறோம், அதற்கு ஆதாரமாக ஒரு எண்ணையோ ஒரு இடத்தையோ நீட்டுகிறோம், அந்த எண் எங்கே, எந்த வயதில், யாரோடு ஆடி வந்தது என்று கேட்பதில்லை.

எண்களிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் அதிகம் தடுக்கி விழுவது அங்கேதான். 2022 டிராஃப்டுக்கு முந்தைய சீசனில் ஷேன் ரைட் கனடாவின் ஓஎச்எல் ஜூனியர் லீக்கில் 63 ஆட்டங்களில் 94 பாயிண்ட் (கோலும், கோலுக்கு உதவிய அசிஸ்ட்டும் சேர்ந்த கணக்கு) எடுத்திருந்தார். யூராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கி ஃபின்லாந்தின் முதல்நிலை லீக்கில் 31 ஆட்டங்களில் எடுத்தது 10 பாயிண்ட். மான்ட்ரியல் கனடியன்ஸ் ஸ்லாஃப்கோவ்ஸ்கியை முதல் ஆளாக எடுத்தது, ரைட் 4-வது இடத்துக்கு இறங்கி சியாட்டிலுக்குப் போனார். 94 எங்கே 10 எங்கே என்று கேட்டால் முடிவு பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரியும். ஆனால் ஒருவர் ஆடியது பெரும்பாலும் 16 முதல் 20 வயது வரையிலான பையன்களோடு, இன்னொருவர் ஆடியது 30 வயது தாண்டிய, அதைத் தொழிலாகவே செய்கிற ஆண்களோடு. அங்கே 17 வயதுக்காரருக்கு ஆட நேரம் கிடைப்பதே பெரிய விஷயம், பவர் பிளேயில் (எதிரணியில் ஒருவர் தண்டனையாக வெளியே இருக்கும் நேரத்தில்) இறங்குவதெல்லாம் அப்புறம். அதே குளிர்காலத்தில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஸ்லோவாக்கியாவுக்காக 7 கோல் அடித்து தொடரின் மதிப்புமிக்க வீரராகத் தேர்வானதும் இந்த 10 பாயிண்ட்காரர்தான். (இதை வைத்து ரைட்டை மட்டம் தட்டவும் கூடாது. சிறிய லீக்கில் நேரம் எடுத்து வளர்ந்து அவரும் சியாட்டிலில் தனக்கென ஓர் இடம் பிடித்துவிட்டார்.)

ஒரு லீக்கில் எடுத்த பாயிண்ட் என்எச்எல்லில் எவ்வளவுக்குச் சமம் என்று மாற்றிப் பார்க்கும் கணக்குகள் இருக்கின்றன. ஜூனியர் லீக்கின் பாயிண்டுக்கு அதில் மதிப்பு குறைவு, ஸ்வீடன், ரஷ்யா மாதிரி ஆண்கள் ஆடும் லீக்குகளுக்கு அதிகம். பயன்படுத்துங்கள், தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்குக்கு ஒருவர் எத்தனை நிமிடம் ஆடினார், எந்த வரிசையில் (சேர்ந்து இறங்கும் மூவர் குழு, முதல் வரிசைதான் சிறந்தது) ஆடினார் என்பது தெரியாது. நான்காவது வரிசையில் ஏழெட்டு நிமிடம் ஆடுகிற பையனுக்கு அது எப்போதுமே அநியாயமாகத்தான் வரும்.

வயது விஷயம் இன்னும் நுணுக்கமானது. டிராஃப்ட் நடக்கும் ஆண்டின் செப்டம்பர் 15-க்குள் 18 வயது ஆகிறவர்தான் அந்த ஆண்டு தகுதி பெறுவார். ஆஸ்டன் மேத்யூஸ் பிறந்தது 1997 செப்டம்பர் 17. இரண்டு நாளில் 2015 டிராஃப்டைத் தவறவிட்டார், இல்லையென்றால் அந்த ஆண்டின் முதல் தேர்வான கானர் மெக்டேவிட்டோடு ஒரே பட்டியலில் இருந்திருப்பார். அந்த ஓராண்டை சுவிட்சர்லாந்தில் ஆண்களோடு ஆடி 36 ஆட்டங்களில் 24 கோல் அடித்தார், 2016-ல் டொராண்டோ அவரை முதல் ஆளாக எடுத்தது. அதாவது ஒரே டிராஃப்டில் இருக்கிற இரண்டு பேருக்கு நடுவே கிட்டத்தட்ட ஒரு முழு வருட வித்தியாசம் இருக்கலாம். 17 வயதில் ஒரு வருடம் என்பது உடல் எடையிலும் கால் பலத்திலும் பிரம்மாண்டமான வித்தியாசம். 19 வயதுக்காரர் ஜூனியரில் பாயிண்ட் குவிக்கிறார் என்று கொண்டாடுவதற்கு முன்னால், அங்கே இன்னும் இருக்கும் 19 வயதுக்காரர் அதைச் செய்தே ஆக வேண்டியவர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, "பக்கத்தில் ஆடியவரால் வந்த பாயிண்ட்" என்ற வாதம். இது பல நேரம் சரிதான். ஹாக்கியில் ஒரு கோலுக்கு இரண்டு அசிஸ்ட் வரை கொடுப்பார்கள், இரண்டாவது அசிஸ்ட் சில சமயம் தன் அணியின் எல்லையில் பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) தட்டிவிட்டதற்கே கிடைத்துவிடும். பவர் பிளேயில் நல்ல சென்டருக்கு, அதாவது நடுவில் நின்று தாக்குதலை நடத்துபவருக்கு, பக்கத்தில் நின்றாலே எண்கள் ஏறும். ஆனால் இந்த வாதத்தை யார் மேல் வேண்டுமானாலும் வீசுவதும் தவறு. அலெக்ஸ் டெப்ரிங்கட் ஓஎச்எல்லின் ஈரி ஆட்டர்ஸ் அணியில் தன் முதல் சீசனில் 51 கோல் அடித்தார், அப்போது அந்த அணியில் மெக்டேவிட் இருந்தார். எல்லாம் மெக்டேவிட் புண்ணியம் என்றார்கள், உயரமும் குறைவு, 2016-ல் 39-வது இடம் வரை இறங்கினார். மெக்டேவிட் போன பிறகும் 50 கோலைத் தாண்டினார், 2016-17 சீசனில் 65 கோல். என்எச்எல்லில் இரண்டு தடவை 41 கோல் அடித்திருக்கிறார். அந்தப் பெரிய வீரர் போன பிறகு என்ன நடந்தது என்று பார்க்காமல் இந்த வாதத்தை எடுக்கவே கூடாது.

உயரம் குறைவு என்று ஒதுக்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லேன் ஹட்சன் 2022-ல் 62-வது ஆளாகப் போனார், டிஃபென்ஸ்மேனுக்கு (தடுப்பாட்டக்காரருக்கு) இந்த உடம்பு போதாது என்றார்கள். 2024-25 சீசனில் 66 பாயிண்ட் எடுத்து கால்டர் கோப்பையை வாங்கினார். உயரம் குறைந்த எல்லாரும் ஹட்சன் ஆகிவிட மாட்டார்கள், உண்மைதான். கேட்க வேண்டியது, உடம்பில் இல்லாததை இவர் வேறு எதனால் ஈடுகட்டுகிறார் என்பது. பதில் இருந்தால் நம்பலாம், இல்லையென்றால் தயங்கலாம்.

கோலிகளை, அதாவது கோல் காப்பவர்களை, பற்றிய பேச்சில்தான் எனக்கு உண்மையாகவே வருத்தம் வருகிறது. 2006 உலக ஜூனியர் போட்டியில் கனடா தங்கம் வென்றபோது அந்த அணியின் கோலி ஜஸ்டின் பாக், மூன்று ஆட்டங்களில் ஒரு கோல்கூட விடவில்லை. அவர் டொராண்டோவின் சொத்து. டொராண்டோவிடம் இன்னொரு இளம் கோலியும் இருந்தார், ஃபின்லாந்தின் டுக்கா ராஸ்க். அதே கோடையில் ராஸ்க்கை பாஸ்டனுக்குக் கொடுத்து ஆண்ட்ரூ ரேக்ராஃப்டை வாங்கினார்கள், பாக்கை வைத்துக்கொண்டார்கள். பாக் மொத்தம் ஆடிய என்எச்எல் ஆட்டங்கள் 7. ராஸ்க் 2014-ல் லீக்கின் சிறந்த கோலிக்கான வெசினா கோப்பையை வாங்கினார், பாஸ்டனின் தூணாகப் பல ஆண்டுகள் நின்றார். இத்தனைக்கும் அந்த உலக ஜூனியரிலேயே சிறந்த கோலியாகத் தேர்வானவர் ராஸ்க்தான். சம்பளம் வாங்கிக்கொண்டு இதையே வேலையாகப் பார்க்கிறவர்களுக்கே இப்படி நடக்கும்போது, டிசம்பர் கடைசியில் நடக்கும் ஏழு ஆட்டத் தொடரை வைத்து நாம் எதிர்காலத்தை எழுதுவது சரியா? அது 20 வயதுக்கு உட்பட்டவர்களின் போட்டி, வலுவான நாடு பலவீனமான நாட்டைப் பத்து கோல் வித்தியாசத்தில் அடிக்கிற ஆட்டங்களும் அதில் உண்டு. ஒரு பையனின் தன்னம்பிக்கை, வேகம், பெரிய ஆட்டத்தில் நடந்துகொள்ளும் விதம் இதெல்லாம் தெரியும். அவ்வளவுதான்.

அதோடு கோலிகள் தாமதமாகத்தான் முதிர்வார்கள். 2012-ல் 130-வது ஆளாக எடுக்கப்பட்ட கானர் ஹெல்லபக் மூன்று ஆண்டுக்குப் பிறகுதான் வினிபெக்குக்காக முதல் ஆட்டம் ஆடினார், 2025-ல் லீக்கின் மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் கோப்பை அவர் கையில். டிம் தாமஸ் நிரந்தர இடம் பிடிக்கும்போது வயது 31. 20 வயது கோலியை ஒரு மோசமான மாதத்தை வைத்து எழுதித் தள்ளுகிறவர்களுக்கு இதற்கு மேல் என்ன சொல்வது?

டிஃபென்ஸ்மேன்களும் அப்படித்தான், கொஞ்சம் குறைவாக. ஃபார்வர்டுகள் (தாக்குதல் வீரர்கள்) சீக்கிரம் தெரிந்துவிடுவார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள், அவர்களிலும் ஜாக் ஹியூஸ் 2019-ல் முதல் ஆளாக வந்து முதல் சீசனில் 61 ஆட்டங்களில் 21 பாயிண்ட்தான் எடுத்தார். அப்போதே "பஸ்ட்" (தோற்றுப்போன தேர்வு) என்று முத்திரை குத்தியவர்கள் உண்டு. 2022-23-ல் 99 பாயிண்ட். டேஜ் தாம்சன் இன்னும் நீண்ட கதை. 2016-ல் 26-வது ஆள், செயின்ட் லூயிஸ் அவரை பஃபலோவுக்குக் கொடுத்துவிட்டது, அங்கேயும் விங்கில் (பக்கவாட்டில்) தடுமாறினார், 2021-22-ல் பயிற்சியாளர் அவரை சென்டருக்கு மாற்றிய பிறகு 38 கோல், அடுத்த சீசனில் 47. தாம்சனுக்கு நடந்ததில் பாதி அவரது வளர்ச்சி, மீதி அவரை எங்கே நிறுத்தினார்கள் என்பது. இதை ரசிகர்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை.

ஆனால் இங்கே எதிர்ப்பக்கம் இன்னொரு குழி இருக்கிறது, நம்பிக்கை உள்ள ரசிகர்கள் அதில்தான் விழுவார்கள். தடுமாறுகிற ஒவ்வொரு பையனுக்கும் தாம்சனின் பெயரைச் சொல்லிவிடுவது. 2012-ன் முதல் தேர்வு நெய்ல் யாகுபோவ், 1999-ன் முதல் தேர்வு பேட்ரிக் ஸ்டெஃபான், இவர்களுக்காகவும் ரசிகர்கள் காத்திருந்தார்கள், எதிர்பார்த்தது வரவில்லை. பெயர் நினைவில் நிற்பவர்கள் தப்பித்து வந்தவர்கள் மட்டும்தான். அதே மாதிரிதான் "குச்செரோவ் 58-வது ஆள், எனவே நம் இரண்டாம் சுற்றுப் பையனும்" என்ற பேச்சும். பின்னாளில் பெரிய நட்சத்திரமான நிகிதா குச்செரோவை 2011-ல் முதல் சுற்றில் எல்லா அணிகளும் விட்டுவிட்டன, கண்டுபிடித்த டாம்பா பே உட்பட, அவர்கள் முதலில் 27-வது இடத்தில் எடுத்தது விளாடிஸ்லாவ் நமெஸ்ட்னிகோவை. உள்ளே இருந்தவர்களுக்கே அது முழுதாகத் தெரிந்திருக்கவில்லை. ஒரு அணி ஓர் ஆண்டில் ஏழு சுற்றில் சுமார் ஏழு பேரை எடுக்கிறது, அதில் இரண்டு பேர் நிலையாக ஆடினாலே நல்ல டிராஃப்ட். உங்கள் அணியின் இளம் வீரர் பட்டியலில் பத்துப் பேரையும் முதல் இரண்டு வரிசைகளில் உட்கார வைத்து எதிர்கால அணி எழுதுகிறீர்கள் என்றால், அந்தப் பட்டியல் நடக்கப்போவதில்லை.

ஒருவரின் அதிகபட்ச உச்சத்தையும், அதை எட்டும் வாய்ப்பையும் ஒன்றாகக் குழப்புவதும் இதோடு சேர்ந்தது. "முதல் வரிசை வீரர் ஆகலாம்" என்று ஒரு ஸ்கவுட் (இளம் வீரர்களைத் தேடி மதிப்பிடுபவர்) சொன்னால் அது எல்லாம் சரியாக அமைந்தால் என்று அர்த்தம். இன்னொருவர் மூன்றாவது வரிசைக்கு மேல் போகமாட்டார், ஆனால் கட்டாயம் ஆடுவார். யார் மேல் என்று சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேர் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

விதிகள் தெரியாமல் நிர்வாகத்தைத் திட்டுவதும் நிறைய நடக்கிறது. கனடாவின் ஜூனியர் லீக்குகளிலிருந்து எடுக்கப்பட்ட பையன் 20 வயதை நெருங்கும் வரை ஏஎச்எல்லுக்கு (என்எச்எல்லுக்கு அடுத்த நிலையில் உள்ள தொழில்முறை லீக்) போக முடியாது என்பது நீண்ட காலமாக இருந்த விதி, என்எச்எல் இல்லையென்றால் ஜூனியர்தான், லீக்குக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையே 2026-ல் தொடங்கும் ஒப்பந்தம்தான் 19 வயதுக்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் தளர்த்துகிறது. ஐரோப்பாவிலிருந்து வந்தவருக்கு அந்தத் தடை இல்லை. அதனால் "அவரை ஏஎச்எல்லில் வளர்க்கிறார்கள், நம் பையனை ஏன் திருப்பி அனுப்பினார்கள்" என்ற கேள்விக்குப் பல முறை பதில் சட்டத்தில்தான் இருக்கிறது. 18, 19 வயதில் ஒப்பந்தம் போட்டவர் 10 ஆட்டத்துக்குக் குறைவாக ஆடினால் ஒப்பந்தம் ஒரு வருடம் தள்ளிப்போகும், ஒன்பது ஆட்டம் ஆனதும் திடீரென்று ஒருவரைத் திருப்பி அனுப்புவதற்குக் காரணம் இது.

அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் வர்த்தகப் பேச்சில் நம் பையன்களுக்கு நாமே ஏற்றி விலை வைப்பதைப் பலரும் கண்டித்துவிட்டார்கள். குறைத்து வைப்பதும் நடக்கும். 2013-ல் வாஷிங்டன், ஒன்றிரண்டு மாத அவசரத்துக்காக, முந்தைய ஆண்டின் 11-வது தேர்வான ஃபிலிப் ஃபோர்ஸ்பெர்க்கை மார்ட்டின் எராட்டையும் மைக்கேல் லாட்டாவையும் வாங்க நாஷ்வில்லுக்குக் கொடுத்தது. நாஷ்வில்லின் வரலாற்றில் அதிக கோல் அடித்தவர் இப்போது ஃபோர்ஸ்பெர்க்.

சரி, அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்? செப்டம்பரில் நடக்கும் இளம் வீரர்கள் ஆட்டங்களில் கோல் அடித்தவரை விட்டுவிட்டு, பக் இல்லாதபோது ஒருவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். பக் வருவதற்கு முன்னால் தலையைத் திருப்பிப் பார்க்கிறாரா, சுவரோரம் இரண்டு பேர் நெருக்கும்போது அதை இழக்காமல் வெளியே எடுக்கிறாரா, முதல் மூன்று அடியில் வேகம் இருக்கிறதா. ஜூனியரில் திறமையால் தப்பிக்கிற பையனுக்கு மேலே போனதும் இந்த மூன்றும்தான் முதலில் பறிபோகும். அப்புறம் பயிற்சியாளர் அவரை எப்போது இறக்குகிறார் என்று பாருங்கள்: ஒரு கோல் முன்னிலையில் கடைசி இரண்டு நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரா, தடுப்பாட்டத்துக்காக உள்ளே இருக்கிறாரா. அக்டோபரில் உட்கார்ந்திருந்தவர் பிப்ரவரியில் உள்ளே இருந்தால், அந்த சீசனில் அவர் பாயிண்ட் ஏறாமல் இருந்தாலும் வளர்ந்திருக்கிறார்.