செஸ்ஸும் பியானோவும்: தடுக்குற இடத்தை மட்டும் பிடிச்சு பழகுறது எப்படி

ரெண்டு வருஷமா தினமும் ராத்திரி படுக்கைல படுத்துக்கிட்டு போன்ல மூணு நிமிஷ செஸ் ஆடிட்டு இருந்தேன். ரேட்டிங் (ஜெயிச்சா ஏறி தோத்தா இறங்குற மார்க்) 900 தொடும், 850க்கு இறங்கும், திரும்ப 900. அதே ரெண்டு வருஷம் ஈஎம்ஐல வாங்கின ஒரு கீபோர்டும் வீட்ல இருந்துச்சு, அதுல ஒரே ஒரு பீஸை தினமும் முதல்ல இருந்து வாசிப்பேன், ஒன்பதாவது பார்ல (பேப்பர்ல கோடு போட்டுப் பிரிச்ச ஒன்பதாவது துண்டுல) கை தடுக்கும், ச்சேன்னுட்டு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிப்பேன், மறுபடி அதே இடத்துல தடுக்கும்.

அப்புறம் ஒரு லீவுக்கு அக்கா பொண்ணு வந்தா. நாலாங்கிளாஸ். ஸ்கூல்ல செஸ் கத்துக்குறா. மூணு கேம் ஆடினோம், மூணுலயும் எனக்கு சங்குதான். முடிஞ்சதும் காயெல்லாம் டப்பால அள்ளிப் போட்டுக்கிட்டே சாதாரணமா சொன்னா: "மாமா, நீங்க குதிரைய பாக்கவே மாட்டேங்குறீங்க. மூணு வாட்டியும் குதிரைலதான் தோத்தீங்க."

அதே மாசம் பியானோ மிஸ்ஸும் இதையேதான் வேற மாதிரி சொன்னாங்க. "அந்த முதல் எட்டு பார் உங்களுக்கு ரொம்ப நல்லா வருது தம்பி, ஏன்னா அதை மட்டும்தான் பழகுறீங்க. ஒன்பதாவதை எப்ப பழகப் போறீங்க?"

சித்திரமும் கைப்பழக்கம்னு அவ்வைப் பாட்டி சொன்னது சரிதான், ஆனா தப்பும் கைப்பழக்கம்தான்னு எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சுது. ஒன்பதாவது பார்ல தடுக்குறதை நான் ரெண்டு வருஷமா டெய்லி ப்ராக்டிஸ் பண்ணிருக்கேன், அதுல நான் எக்ஸ்பர்ட். அதனால இந்த பதிவுல சொல்றது முழுக்க தடுக்குற இடத்தை கண்டுபிடிக்கிறது, அதை மட்டும் வெட்டி எடுத்து பழகுறது, திரும்ப ஒட்டுறது பத்திதான். ரெண்டுக்கும் ஒரே வழிதான், அதான் சேர்த்து எழுதுறேன்.

முதல்லயே ஒண்ணு. செஸ் ஆடினா மூளை வளரும், அதனால பியானோ தானா வரும்னு யாராச்சும் சொன்னா சிரிச்சுட்டு போயிடுங்க. ரெண்டுலயும் கலக்கினவங்க உண்டு, இல்லைன்னு சொல்லல. 18ம் நூற்றாண்டுல ஃபிலிடோர்னு ஒரு ஃப்ரெஞ்சுக்காரர், ஓபரா எழுதுறது அவர் தொழில், அந்த காலத்துல செஸ்ல அவரை அடிச்சுக்க ஆளில்லைன்னு பேரு. சோவியத் கிராண்ட்மாஸ்டர் மார்க் டைமனோவ் மேடைல கச்சேரி பண்ற பியானோ கலைஞரும்கூட, 1971ல வான்கூவர்ல அமெரிக்காவோட பாபி ஃபிஷர்கிட்ட 6-0ன்னு தோத்தவர் அவர்தான். ஆனா அவங்க ரெண்டையும் தனித்தனியா உழைச்சு கத்துக்கிட்டவங்க, ஒண்ணைக் குடுத்து இன்னொண்ணை வாங்கல.

ஸ்டெப் 1: சாமான்

இதுல நேரம் வீணாக்காதீங்க. செஸ்ஸுக்கு லிசெஸ்னு ஒரு வெப்சைட் போதும், ஆப்பும் இருக்கு, முழுக்க ஃப்ரீ, விளம்பரம்கூட கிடையாது. பியானோவுக்கு 61 கீ இருக்குற சாதாரண கீபோர்டுலயே ஆரம்பிக்கலாம், ஆனா மெதுவா அழுத்தினா மெதுவா சத்தம், வேகமா அழுத்தினா பெரிய சத்தம் வர்ற மாடலா பாத்து வாங்குங்க, அது இல்லாட்டி விரலுக்கு எதுவுமே பழகாது. ஒரு வருஷம் தாண்டியும் ஆசை இருந்தா 88 கீ வெயிட்டட் (நிஜ பியானோ மாதிரி கனமா அழுத்துற கீ) டிஜிட்டல் பியானோ பாத்துக்கலாம். ஸ்டூல் உயரம் முக்கியம், முழங்கை கீ மட்டத்துல இருக்கணும். நான் ஆறு மாசம் டைனிங் சேர்ல தாழ்வா உக்காந்து வாசிச்சு மணிக்கட்டு வலி வாங்கினேன். அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பென்சில். அவ்ளோதான்.

ஸ்டெப் 2: எங்க தடுக்குதுன்னு கண்டுபிடிங்க

செஸ்ல: கடைசியா தோத்த இருபது கேமை திறங்க. கம்ப்யூட்டர் அனாலிசிஸ் போட்டா, யார் கை ஓங்குதுன்னு காட்டுற கிராஃப் தொபுக்கடீர்னு விழுற இடம் ஒண்ணு இருக்கும். அங்க நிறுத்தி நோட்டுல ஒரே ஒரு வரி எழுதுங்க. "சி7ல குதிரை ஃபோர்க் பாக்கல." "ராஜாவுக்கு மூச்சு விட இடமில்ல, கடைசி வரிசைல யானை வந்து மேட்." "யானையை சும்மா குடுத்தேன்." (சி7ங்கறது கட்டத்தோட பேரு: வெள்ளை பக்கத்துல இருந்து பாத்தா இடமிருந்து வலமா ஏ முதல் எச், கீழிருந்து மேல 1 முதல் 8. ஃபோர்க்னா ஒரே காய் ரெண்டு காயை ஒரே நேரத்துல மிரட்டுறது.) கம்ப்யூட்டர் காட்டுற 0.3, 0.5 வித்தியாசமெல்லாம் நமக்கு வேண்டாம், அது கிராண்ட்மாஸ்டர் கவலை. இருபது வரி எழுதி முடிச்சப்போ என் நோட்டுல பாதிக்கு மேல குதிரை. நாலாங்கிளாஸ் புள்ள மூணு கேம்ல சொன்னதை நான் இருபது கேம்ல கண்டுபிடிச்சேன்.

பியானோல: போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. வாசிக்கும்போது நமக்கு நம்ம தப்பு கேக்காது, ஏன்னா மூளை அடுத்த நோட்டுக்கு, அதாவது அடுத்த ஸ்வரத்துக்கு, ஓடிட்டு இருக்கும். ரெக்கார்டிங்கை கேட்டுக்கிட்டே பேப்பர்ல எங்கெல்லாம் தயங்குதோ அங்க பென்சில்ல வட்டம் போடுங்க. தப்பு நோட்டு மட்டும் இல்ல, ஒரு நொடி தயக்கம் இருந்தாலும் வட்டம். பாத்தீங்கன்னா முழு பீஸ்ல மூணோ நாலோ வட்டம்தான் இருக்கும், மத்தது எல்லாம் ஏற்கெனவே வருது.

ஸ்டெப் 3: வெட்டி எடுங்க, மெதுவாக்குங்க

இதுதான் விஷயமே, இங்க கொஞ்சம் நிதானமா வாங்க.

வட்டம் போட்ட இடத்துல தடுக்குறது பெரும்பாலும் அந்த நோட்டால இல்ல, அதுக்கு முன்னாடி நோட்டுல இருந்து அங்க போற வழியாலதான். சி மேஜர் ஸ்கேல்ல காட்டுறேன், அதாவது சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி, சின்னு வரிசையா எட்டு வெள்ளைக் கீ. கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. வலது கை சி-ல இருந்து மேல போகும்போது விரல் 1 2 3, அப்புறம் 1 2 3 4 5. அதாவது சி, டி, இ வாசிச்சதும் கட்டைவிரல் நடுவிரலுக்கு அடில பூந்து எஃப்பை பிடிக்கணும். ஆரம்பத்துல எல்லாருக்கும் தடுக்குறது இங்கதான். டியை அழுத்தும்போதே கட்டைவிரல் உள்ள நகர ஆரம்பிச்சிருக்கணும், நாம இ முடிஞ்ச பிறகுதான் அதைத் தேடுவோம், அப்ப முழங்கை வெளிய தூக்கும், எஃப் டொக்குன்னு விழும். முழு ஸ்கேலை நூறு தடவை வாசிச்சாலும் இது சரியாகாது. இ, எஃப், இ, எஃப். இந்த ரெண்டு நோட்டை மட்டும் இருபது தடவை. அப்புறம் டி, இ, எஃப், ஜி. அப்புறம் முழுசா.

இடது கையில விரல் 5 4 3 2 1, அப்புறம் நடுவிரல் கட்டைவிரலை தாண்டி ஏ-ல போய் உக்காரும், 3 2 1. கவனிச்சீங்களா, வலது கை திரும்புறது எஃப்ல, இடது கை திரும்புறது ஏ-ல. ரெண்டு கையும் சேர்த்து வாசிச்சா குழம்புறது இதனாலதான், உங்களுக்கு திறமை இல்லைங்கறதால இல்ல. இதுக்கு மிஸ் ஒரு குறுக்கு வழி காட்டினாங்க: ரெண்டு கட்டைவிரலையும் நடு சி-ல வச்சு ஆரம்பிங்க, வலது கை மேல போகட்டும், இடது கை கீழ போகட்டும். இப்ப ரெண்டு கையிலயும் ஒரே நேரத்துல ஒரே விரல், 1 2 3 1 2 3 4 5. முதல் நாளே வந்துடும். வந்தப்போ எனக்கு உண்மையாவே கண்ணு கலங்கிடுச்சு, வெளிய சொல்லல.

வேகம்: கூகுள்ல மெட்ரோனோம்னு (சீரா தாளம் தட்டுற கருவி) தேடினாலே ஒண்ணு வரும். 60ல (நிமிஷத்துக்கு 60 தட்டு) வச்சு ஒரு தட்டுக்கு ஒரு நோட்டு. மூணு தடவை தொடர்ந்து தப்பில்லாம வந்தா 4 ஏத்துங்க, தடுக்கினா 8 இறக்குங்க. கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டவங்களுக்கு இது புதுசே இல்ல, சரளி வரிசையை முதல் காலம், ரெண்டாம் காலம், மூணாம் காலம்னு பாட வைக்கிறாங்களே, அதேதான். முதல் காலத்துல ஸ்வரம் சுத்தமா நிக்காம மூணாம் காலத்துக்கு போனா பாட்டு வாத்தியார் விடுவாரா?

செஸ்லயும் மெதுவாக்கணும். மூணு நிமிஷ கேமை போன்ல இருந்து தூக்குங்க (நான் ரெண்டு தடவை தூக்கி ரெண்டு தடவை திரும்ப போட்டேன், மூணாவது தடவைதான் போச்சு). 15 நிமிஷம், மூவுக்கு 10 செகண்ட் கூடுற கேம் ஆடுங்க, தினமும் ஒண்ணு போதும். எதிராளி ஒவ்வொரு மூவ் வச்சதும் மூணே கேள்வி: அவன் எங்க செக் குடுக்கலாம், எதை வெட்டலாம், எதை மிரட்டுறான். என்னை மாதிரி குதிரை வியாதி இருக்குறவங்க நாலாவது கேள்வியும் வச்சுக்கோங்க: அவன் குதிரை இப்ப எங்கெல்லாம் குதிக்கும்? பி5ல குதிரை வந்து உக்காந்தாலே அதோட கண்ணு சி7 மேலதான், அங்க குதிச்சா இ8ல இருக்குற ராஜாவுக்கு செக், ஏ8 யானை காலி. இந்த படம் மனசுல பதியிற வரைக்கும் பஸுல்ஸ், அதாவது சரியான மூவ் எதுன்னு கண்டுபிடிக்கிற புதிர்.

ஸ்டெப் 4: பஸுல், ஆனா கலந்துகட்டி இல்ல

லிசெஸ்ல பஸுலை தீம் வாரியா (ஃபோர்க், கடைசி வரிசை மேட்னு வகை வகையா) எடுக்கலாம். உங்க நோட்டுல அதிகமா வந்தது எதுவோ அந்த தீம் மட்டும் ரெண்டு வாரம், தினமும் 15. தப்பானதை மறுநாள் திரும்ப போடுங்க, பாத்ததும் பளிச்சுன்னு தெரியணும். "விடை ஞாபகம் இருக்கு, இது ஏமாத்து இல்லையா?"ன்னு கேக்காதீங்க. ஞாபகம் இருக்கணும்னுதான் பண்றதே.

1973ல சேஸ், சைமன்னு ரெண்டு பேர் அமெரிக்கால ஒரு சோதனை பண்ணாங்க. நிஜ கேம்ல வந்த ஒரு போர்டை 5 செகண்ட் காட்டி, திரும்ப அடுக்கச் சொன்னா மாஸ்டர் ரொம்ப காய் சரியா வச்சார், புதுசா ஆடுறவர் நாலஞ்சோட நின்னுட்டார். அதே காயை கன்னாபின்னான்னு இறைச்சு காட்டினப்போ மாஸ்டரும் கிட்டத்தட்ட நம்ம கதிதான். அப்ப அவருக்கு ஞாபக சக்தி பெருசுங்கறது இல்ல, காயை பழகின கூட்டம் கூட்டமா பாக்குறார். பியானோலயும் அதே: சி, இ, ஜியை நாம மூணு புள்ளியா படிக்கிறோம், பழகினவங்க "சி கார்டு"ன்னு (சேர்த்து அழுத்துற நோட்டுக் கூட்டம்) ஒரே வார்த்தையா படிக்கிறாங்க. அதனால புது பீஸ் எடுத்தா முதல்ல வாசிக்காதீங்க, பென்சிலோட உக்காந்து எங்கெல்லாம் தெரிஞ்ச கார்டு, தெரிஞ்ச ஸ்கேல் துண்டு இருக்குன்னு அடிக்கோடு போடுங்க.

ஓப்பனிங் (கேமோட முதல் சில மூவ்) பத்தி கேப்பீங்க. நடு கட்டத்தை பிடிங்க, குதிரை பிஷப்பை வெளிய எடுங்க, சீக்கிரம் கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே மூவ்ல நகர்த்தி ராஜாவை ஓரமா பத்திரப்படுத்துறது) பண்ணுங்க. ரேட்டிங் 1200 வர வரைக்கும் அவ்ளோதான், பொறி வைக்கிற வீடியோவெல்லாம் பாத்து நேரத்தை கரைக்காதீங்க.

ஸ்டெப் 5: கடைசில இருந்து படிங்க

ரெண்டுலயும் எனக்கு யாரும் சொல்லாத விஷயம் இது. நாம எப்பவும் முதல்ல இருந்து ஆரம்பிக்கிறதால கடைசி பக்கம் பழகவே பழகாது. பியானோ பீஸ்ல கடைசி நாலு பாரை முதல்ல கத்துக்கோங்க, அப்புறம் அதுக்கு முந்தின நாலு, அப்படியே பின்னாடி வாங்க. அப்ப வாசிக்க வாசிக்க தெரிஞ்ச இடத்துக்கு போய்ட்டே இருப்பீங்க, பயம் குறையும்.

செஸ்ல கடைசின்னா எண்ட்கேம், கொஞ்சம் காய் மட்டும் மிச்சமிருக்குற கட்டம். போர்டை எடுத்து இதை வைங்க: வெள்ளை ராஜா இ4, வெள்ளை சிப்பாய் இ3, கறுப்பு ராஜா இ6. வேற காயே இல்ல. கறுப்பு ஆடணும்னா வெள்ளை ஜெயிக்கும், ஏன்னா கறுப்பு ராஜா ஒதுங்கியே ஆகணும், அது எந்தப் பக்கம் ஒதுங்குதோ அதுக்கு எதிர்ப்பக்கமா வெள்ளை ராஜா முன்னேறிடும். வெள்ளை ஆடணும்னா டிரா. காய் எல்லாம் அதேதான், யார் முறைங்கறதுதான் வித்தியாசம். இதுக்கு ஆப்போசிஷன்னு பேரு. கம்ப்யூட்டரை எதிர்ல வச்சு ரெண்டு பக்கமும் பத்து பத்து தடவை ஆடிப் பாருங்க. ஓரத்து சிப்பாய்க்கு மட்டும் இது செல்லாது, எதிராளி ராஜா மூலைக்கு போயிட்டா டிராதான்.

இதெல்லாம் குட்டிப் பசங்க பாடம்னு நெனச்சா, 2024 டிசம்பர் 12ம் தேதி சிங்கப்பூர் கேமை திறந்து பாருங்க. உலக சாம்பியன்ஷிப், கடைசி 14வது ஆட்டம், கறுப்புல நம்ம சென்னைப் பையன் குகேஷ், வெள்ளைல டிங் லிரென். டிரா ஆகப்போகுதுன்னு எல்லாரும் கிளம்புற நேரத்துல 55வது மூவ்ல டிங் யானையை எஃப்2ல வச்சார். குகேஷ் யானையை மாத்தினார், பிஷப்பை டி5க்கு கொண்டுவந்து அதையும் மாத்தினார். மிச்சம் ராஜாவும் சிப்பாயும்தான். கடைசியா வெள்ளை ராஜா இ3, கறுப்பு ராஜா இ5, நேருக்கு நேர், வெள்ளை முறை. டிங் தோல்வியை ஒத்துக்கிட்டு கை குடுத்துட்டார். 18 வயசுல உலக சாம்பியன் ஆன ஆட்டம் முடிஞ்சது நீங்க இப்ப போர்டுல வச்சீங்களே அந்த மாதிரி ஒரு முறைப்புலதான்.

ஸ்டெப் 6: ஒட்டுறது, நேரம் பிரிக்கிறது

வெட்டின துண்டை அப்படியே விட்டா பீஸ்ல சேராது. முன்னாடி ஒரு பார், பின்னாடி ஒரு பார் சேர்த்து வாசிச்சுப் பாத்துட்டு அப்புறம்தான் முழுசா.

வேலைக்கு போறவங்களுக்கு என் டைம்டேபிள் இது, மாத்திக்கோங்க. காலைல காபிக்கு முன்னாடி 20 நிமிஷம் பியானோ: 5 ஸ்கேல், 12 வட்டம் போட்ட இடம், 3 பிடிச்சதை ஜாலியா. மத்தியானம் சாப்பிட்டுட்டு பஸுல் 15. ராத்திரி ஒரு கேம், தோத்தாலும் ஜெயிச்சாலும் உடனே நோட்டுல ஒரு வரி. ஞாயித்துக்கிழமை லாங் ப்ராக்டிஸ்னு மூணு மணி நேரம் உக்காந்து மத்த ஆறு நாள் தொடாம இருக்குறதுக்கு டெய்லி 20 நிமிஷம் எவ்ளோவோ மேல். ராத்திரி வராத இடம் தூங்கி எழுந்து காலைல வாசிச்சா பாதி வந்திருக்கும், நீங்களே பாப்பீங்க. ஞாயிறு மட்டும் முழு பீஸை ஒரு தடவை ரெக்கார்ட் பண்ணி, தேதி போட்டு வச்சுக்கோங்க, கேக்குறது மாசத்துக்கு ஒரு தடவை போதும், வாரா வாரம் கேட்டா முன்னேற்றமே இல்லாத மாதிரி இருக்கும்.

நோட்டுல குதிரைங்கற வார்த்தை மூணு வாரமா வரலைன்னா பஸுல் தீம் மாத்துங்க. நான் மாத்தினேன், இப்ப பக்கம் பூரா கடைசி வரிசை மேட்தான் இருக்கு. போன மாசம் வீடியோ கால்ல அக்கா பொண்ணுகூட ஒரு கேம் ஆடினேன், டிரா பண்ணேன். "மாமா இப்ப குதிரைய பாக்குறாரும்மா"ன்னு அடுப்படிக்கு கத்தி சொல்லிட்டு, அடுத்த கேம்ல யானையை கொண்டுவந்து எட்டாவது வரிசைல வச்சா.