குழம்பைத் தள்ளிவிட்டு பொலோனி தின்பதா? கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வொர்த் பக்கம் கர்ப்பிணிகளைக் கவனிக்கும் தாதி நான். கையைக் கழுவு, பச்சைக்கறி தின்னாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். என் தலைமுறைப் பெண்கள் செய்த தவறுகளையே இன்றைய பெண்களும் செய்வதால்தான் இதை எழுதுகிறேன்.

வெந்ததுதானே என்று பொலோனியைக் குளிரக் குளிரத் தின்பது

பொலோனி என்றால் அரைத்த கறியை வேகவைத்து, துண்டு போட்டுக் குளிரத் தின்னும் தடித்த சாசேஜ். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி வந்தாள். ஆட்டுக்கறிக் குழம்பு உடம்புக்குச் சூடு என்று தொடுவதே இல்லையாம். "அப்போ என்னம்மா சாப்பிடுறே?" என்றேன். "ரொட்டியும் பொலோனியும்தான் சிஸ்டர். ஃப்ரிட்ஜிலதானே இருக்கு, கெடாது." எனக்கு ஆறவே இல்லை. அடுப்பில் கொதித்துக் கிடந்த குழம்புதான் அவளுக்குப் பத்திரமான சாப்பாடு.

பொலோனி வெந்ததுதான். ஆனால் வெந்த பிறகு ஆலையிலோ, கடையில் துண்டு போடும்போதோ லிஸ்டீரியா கிருமி ஒட்டிக்கொள்ளும். ஃப்ரிட்ஜின் 4 டிகிரிக் குளிரிலும் அது மெல்லப் பெருகும். தாய்க்கு லேசான காய்ச்சல், உடம்புவலி, அவ்வளவுதான். பிள்ளையோ வயிற்றிலேயே இறந்துபோகலாம். சாப்பிட்டு இரண்டு மாதம் கழித்துக்கூட நோய் தெரியவரும்.

2017-18இல் இந்த நாட்டில் 1,060 பேருக்கு லிஸ்டீரியா நோய் வந்தது. 216 பேர் இறந்தார்கள். நோய் கண்டவர்களில் பத்துக்கு நாலு பேர் பிறந்து 28 நாள்கூட ஆகாத சிசுக்கள். சொவெட்டோவில் ஒரு பகல்நேரக் காப்பகத்துப் பிள்ளைகள் தின்ற பொலோனியை வைத்துத்தான் தடம் பிடித்தார்கள். பொலொக்வானே ஊரிலிருந்த பொலோனி ஆலைதான் காரணம் என்று 2018 மார்ச் 4 அன்று சுகாதார அமைச்சர் ஆரன் மொட்சொலெடி அறிவித்தார். அதற்குள் எல்லாரும் மறந்தாயிற்று!

வியன்னா சாசேஜ், ஹாம் என்ற பன்றிக்கறி எல்லாம் இதே கதைதான். ஆசை அடங்கவில்லையா, ஆவி பறக்கச் சூடாக்கி உடனே சாப்பிடுங்கள். காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுப் படுக்காமல் கிளினிக் போய், என்ன தின்றீர்கள் என்று சொல்லுங்கள். நேரத்தோடு வந்தால் ஆன்டிபயாடிக் கொடுத்துக் காப்பாற்ற வழி உண்டு.

ப்ராய்

தணலில் கறி சுடும் ப்ராயில், மேலே கருகியது உள்ளே வெந்திருக்க வேண்டும் என்றில்லை. கோழியும் பூரவோர்ஸ் சாசேஜும் நடுவில் 75 டிகிரி தொட வேண்டும். பச்சைக்கறி கொண்டுபோன தட்டில் வெந்ததைப் போடாதீர்கள்.

பில்டாங்

காய்ந்த பச்சைக்கறி. பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் தின்னலாம்.

ஈரல்

ரத்தம் ஊறும் என்று பாட்டிமார் ஆசையாக ஊட்டுவார்கள். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். கருவின் உறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கலாம். இரும்புச்சத்துக்கு கிளினிக் மாத்திரையும் நன்றாக வெந்த ஆட்டுக்கறியும் போதும்.

லோட் ஷெடிங்

கரண்ட் போய் நாலு மணி நேரம் தாண்டினால் ஃப்ரிட்ஜில் இருந்த கறியைக் கொட்டிவிடுங்கள்.