சிவப்பணு எண்ணும்போது செய்யக் கூடாதவை

முதலாமாண்டு எம்.பி.பி.எஸ். மாணவர்கள் உடலியங்கியல் லேபுக்குள் வந்ததும், என் பழைய தவறுகளை வருடா வருடம் என் கண்முன்னே செய்கிறார்கள். லேப் கோட் போடாதது, விரலைக் குத்தும் லான்செட்டைக் கண்ட இடத்தில் வைப்பது எல்லாம் அட்டெண்டர் அண்ணனே திருத்திவிடுவார். மற்றவற்றைச் சொல்கிறேன்.

விரலைப் பிதுக்குவது

பயந்து லேசாகக் குத்திவிட்டுப் பிதுக்கினால் இரத்தத்தோடு திசுநீரும் வரும், எண்ணிக்கை குறையும். இன்னொரு முறை குத்துங்கள்.

முதல் சொட்டுகள்

பிப்பெட் தண்டில் நிற்பது இரத்தம் கலக்காத வெறும் ஹேயம் திரவம், அதாவது இரத்தத்தை நீர்க்கச் செய்யும் திரவம். கொட்டிவிடுங்கள்.

விடையை வைத்துக்கொண்டு எண்ணுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். நியூபார் சேம்பர் என்ற கட்டம் போட்ட கண்ணாடியில் ஐந்து பெரிய கட்டங்களில், ஒவ்வொன்றிலும் 16 வீதம் 80 சிறு கட்டங்களில் எண்ணி, ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் எத்தனை என்று அறிய, வந்ததை 10,000 ஆல் பெருக்குகிறோம். ஒரு செல்லை விட்டால் கணக்கில் பத்தாயிரம் போய்விடும். கட்டத்தின் கோடுகளைத் தொடும் செல்களில் இரண்டு பக்கத்தை மட்டும் சேர் என்று கத்துவது அதனால்தான். ஆனால் பெண்களுக்கு 45 லட்சம் என்று கைடில் பார்த்துவிட்டு, பின்னாலிருந்து வகுத்து, ஐந்து பெரிய கட்டங்களிலும் 89, 91, 90 என்று நிரப்புகிறார்கள். பார்த்ததுமே தெரிந்துவிடும். நிஜமாக எண்ணினால் ஒரு கட்டத்தில் 78 இருக்கும், பக்கத்தில் 103 இருக்கும்.

நானும் செய்திருக்கிறேன். என் விரல் இரத்தத்தில் 352 வந்தது; 450 என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். கலவை தப்பா, எனக்கே இரத்தசோகையா என்பது கடைசி வரை தெரியாமலே போயிற்று.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவியின் ரெக்கார்டில் ஹீமோகுளோபின் 12.5. அடித்த மைக்குக் கீழே 8.6 தெரிந்தது. கேட்டேன். "நான்தான் மேம் தப்பா செஞ்சிருப்பேன், திரும்பச் செய்யச் சொல்வீங்கன்னு மாத்திட்டேன்." ஹீமோகுளோபின் அளக்கும் சாலி குழாயில் அமிலத்தோடு இரத்தம் கலந்தபின் பத்து நிமிடம் காத்திருந்தாயா என்றேன். காத்திருந்தாளாம். இருவரும் சேர்ந்து மறுபடி செய்தோம். 9 கூட வரவில்லை. ஓ.பி.க்கு அனுப்பினேன். இரும்புச்சத்துக் குறைவு. ஹாஸ்டல் மாடி ஏறும்போது மூச்சு வாங்குவதைப் படிப்பு டென்ஷன் என்று மாதக்கணக்கில் நினைத்திருக்கிறாள்.

இதில் எங்கள் பங்கும் உண்டு. மதிப்பு குறைந்து வந்தாலே திட்டினோம். பிள்ளைகள் மாற்றி எழுதக் கற்றுக்கொண்டார்கள். இப்போது கட்டங்களை வரைந்து எண்களைப் பேனாவில் எழுதி, பெருக்கும் முன்பே என்னிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அசாதாரணமாக வந்தால் மார்க் குறையாது, காரணம் தேடுவோம்.

பி.பி.

இரத்த அழுத்தம் பார்க்கும்போது, முதலில் நாடியைத் தொட்டுக்கொண்டே கைப்பட்டையில் காற்றை ஏற்றி, அது மறையும் அளவைக் குறியுங்கள். நேராக ஸ்டெத் வைத்தால், சிலருக்கு ஒலி நடுவில் நின்று மீண்டும் கேட்கும் இடத்தை மேல் அழுத்தம் என்று எழுதிவிடுவீர்கள்.