பழைய வண்டிக்குச் சாமான் தேடுகிறீர்களா? வண்டிப் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள்

அப்பாவின் மேக்ஸ் 100, ஓசூரில் டிவிஎஸ்சும் சுசுகியும் கூட்டாக இருந்த காலத்து பைக். அந்தக் கூட்டு 2001லேயே பிரிந்துவிட்டது. போன வருஷம் ஒருநாள் ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் இறங்காமல் கத்திக்கொண்டே இருந்தது, பிளக்கைக் கழற்றினால் வெளுத்துக் கிடக்கிறது. டூ ஸ்ட்ரோக் வண்டியில் கார்புரேட்டர் சரியாக இருந்தும் இப்படி ஆனால் மேக்னட் பக்க கிராங்க் சீலைத்தான் (கிராங்க் ஷாஃப்டைச் சுற்றிக் கசிவை அடைக்கிற ரப்பர் வளையம்) முதலில் சந்தேகப்பட வேண்டும், அது காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கதை வேறு: கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை தள்ளும்.

சரி, ஒரு சீல்தானே என்று கிளம்பினேன். "மேக்ஸ் 100க்கு கிராங்க் சீல் இருக்காண்ணே?" என்று நாலு கடையில் கேட்டேன். "வண்டியே இல்லையே தம்பி, சீலுக்கு எங்க போறது?" என்றார் நாலாவது கடைக்காரர். வீட்டுக்கு வந்து பழைய சீலைப் பெட்ரோலில் துடைத்துப் பார்த்தால் அதன் முகத்திலேயே பொடி எழுத்தில் மூன்று எண்கள். மறுநாள் பேரிங் கடையில் வண்டிப் பேச்சே எடுக்காமல் அந்த மூன்று எண்ணை மட்டும் சொன்னேன், டீ ஆறுவதற்குள் சீல் கைக்கு வந்துவிட்டது.

அந்த மூன்று எண்களும் எல்லா வண்டிச் சீலிலும் ஒரே வரிசைதான்: உள் விட்டம், வெளி விட்டம், தடிமன். 20 40 7 என்று இருந்தால் 20 மில்லிமீட்டர் ஷாஃப்ட், 40 மில்லிமீட்டர் குழி, 7 மில்லிமீட்டர் தடிமன். எழுத்து அழிந்திருந்தால் வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள், சீல் நைந்துபோயிருந்தால் ஷாஃப்டையும் குழியையும் அளக்கலாம். கிராங்குக்கு என்று சொல்லி, பெட்ரோலும் சூடும் தாங்கும் ரப்பராகக் கேளுங்கள்.

பேரிங்கும் இப்படித்தான். ஓரத்தில் 6204 என்று பொறித்திருந்தால் அது 20 × 47 × 14, உலகம் முழுக்க அதே அளவு. தண்ணீர் மோட்டாருக்கு வாங்குகிற அதே பேரிங்தான், ஆனால் கிராங்குக்கு வாங்கும்போது எண்ணுக்குப் பின்னால் இருக்கும் எழுத்தையும் பாருங்கள். சி3 என்று இருந்தால் உள்ளே இடைவெளி கொஞ்சம் கூடுதல் என்று அர்த்தம், எஞ்சின் சூட்டில் விரிவதற்கு அந்த இடம் வேண்டும். பழசில் சி3 இருந்தால் புதுசிலும் சி3தான் வேண்டும். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

பிளக்கில் மட்டும் அவசரப்படாதீர்கள். என்ஜிகே பி7ஹெச்எஸ், பி7ஈஎஸ் இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், இரண்டுக்கும் 14 மில்லிமீட்டர் மரைதான். ஆனால் ஹெச் என்றால் மரை நீளம் 12.7 மில்லிமீட்டர், ஈ என்றால் 19. குட்டை பிளக் போட வேண்டிய ஹெட்டில் நீள பிளக்கை முறுக்கி கிக் அடித்தால் பிஸ்டன் தலையில் போய் இடிக்கலாம்.

செயின், பல்பு, கேபிள், ஓ-ரிங், டயர் எல்லாம் இப்படி அளவாலேயே கிடைத்துவிடும். அடுத்தது சொந்தக்கார வண்டிகளில், அதாவது அதே எஞ்சின் குடும்பத்து வேறு மாடல்களில் இருந்து எடுக்கிற சாமான்கள். 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி100க்கு ஸ்பேர் இல்லை என்று யாராவது புலம்பினால் எனக்குச் சிரிப்புதான் வரும், பின்னால் வந்த ஸ்ப்ளெண்டரும் அதே எஞ்சின் குடும்பம்தான், பல சாமான்கள் அப்படியே உட்காரும். ஆனால் பெயரை நம்பி ஏமாறவும் வாய்ப்பு உண்டு. மைசூர் ஐடியல் ஜாவாவில் தயாரான பழைய வண்டிக்கு, 2018இல் மறுபடி வந்த ஜாவாவின் எஞ்சின் சாமான் எதுவும் சேராது, அது முழுக்க வேறு எஞ்சின்.

சொந்தம் கண்டுபிடிக்க பார்ட் நம்பரைப் படிக்கத் தெரிய வேண்டும். ஹோண்டாவில் முதல் ஐந்து எண்கள் என்ன சாமான் என்று சொல்லும், நடுவில் வருவது எந்த மாடலுக்காக முதலில் செய்தது என்பதைச் சொல்லும். யமஹாவில் தலைகீழ்: முன்னால் மாடல், நடு ஐந்தில் சாமான். நடுவில் 11631 வந்தால் பிஸ்டன், 11181 என்றால் ஹெட் கேஸ்கெட். உங்கள் வண்டியின் பார்ட்ஸ் புத்தகத்தில் ஒரு சாமானுக்கு வேறு மாடலின் குறி இருந்தால் கொண்டாடுங்கள், அந்த மாடலுக்கு என்று கேட்டும் அதை வாங்கலாம்.

பிஸ்டன் விஷயத்தில் நிறையப் பேர் செய்கிற தப்பு, முதலில் லேத்தில் கொடுத்து போர் போட்டுவிட்டு, அதாவது தேய்ந்த சிலிண்டரை உள்ளே கடைந்து பெரிதாக்கிவிட்டு, அப்புறம் பிஸ்டன் தேடுவது. பழைய வண்டிக்கு 0.25 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் கிடைக்கும், 0.50 கிடைக்காது, 1.00 மட்டும் எங்கேயோ ஒரு அலமாரியில் தூசி படிந்து கிடக்கும். பிஸ்டனைக் கையில் வாங்கிய பிறகுதான் சிலிண்டரைப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும், அந்தப் பிஸ்டனை அளந்துதான் போர் போடவும் சொல்ல வேண்டும். வேறு வண்டிப் பிஸ்டன் போடலாமா என்றால் விட்டம் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது: பிஸ்டனை கனெக்டிங் ராடோடு இணைக்கிற பிஸ்டன் பின்னின் தடிமன், அந்தப் பின்னின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரை உள்ள உயரம், டூ ஸ்ட்ரோக்காக இருந்தால் ரிங்கை நகராமல் பிடிக்கிற குட்டி ஆணி எங்கே இருக்கிறது என்பது வரை பாருங்கள். அந்த ஆணி இடம் மாறி ரிங் முனை சிலிண்டர் சுவரில் இருக்கும் போர்ட் துவாரத்துக்கு நேராக வந்தால், அதில் மாட்டி உடையும், சிலிண்டரும் போச்சு.

யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி. அவர்களுக்குக் கிடைக்காமல் போவதில்லை, கிடைப்பதில் பாதி டூப்ளிகேட். பெட்டியையும் ஸ்டிக்கரையும் அச்சடித்துவிடலாம், வார்ப்பின் சுத்தத்தை அப்படிச் செய்ய முடியாது. வார்ப்பு ஓரங்களில் விரலை ஓட்டிப் பாருங்கள், பிசிறு தட்டினால் வைத்துவிடுங்கள். பழைய ஸ்டாக் ஒரிஜினல் என்றாலும் ரப்பர் சாமானை மடக்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள். பெட்டி பிரிக்காமல் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் வரும் ரப்பரில் வெடிப்பு இருந்தால் அதே காற்று இழுக்கிற கதைதான் திரும்ப ஆரம்பிக்கும்.

அளவுக்கும் சிக்காமல், சொந்தத்திலும் இல்லாமல் மிஞ்சுகிற சாமான்களுக்குத்தான் சென்னையில் புதுப்பேட்டை, பழைய வண்டிச் சாமான் கடைகள் இருக்கும் இடம். புது ஸ்பேர் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு சுற்று சுற்றிவிட்டு அப்புறம் போங்கள். பழைய சாமானை மாதிரிக்குக் கட்டாயம் எடுத்துப் போங்கள், முடியாவிட்டால் பக்கத்தில் ஸ்கேல் வைத்து போட்டோ. போர்க் குழாய், ஆக்சில் மாதிரி சாமானைக் கண்ணாடி மேல் அல்லது நேரான கம்பியோடு வைத்து உருட்டிப் பாருங்கள், வளைவு உடனே தெரிந்துவிடும். விலை கேட்கும்போது "இது ஒண்ணுதான் அண்ணே தேடிட்டிருக்கேன்" என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். எண் பொறித்த கிராங்க் கேஸ் (எஞ்சினின் வெளிக்கூடு), சேசிஸ் இரண்டையும் பேப்பர் இல்லாமல் வாங்காதீர்கள், எவ்வளவு சல்லிசாகக் கொடுத்தாலும் சரி. அது திருட்டு வண்டியின் எண்ணாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். முறையாக வாங்கினாலும் எஞ்சின் எண் மாறியதை ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சியில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் 15 வருஷம் முடிந்து பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் காட்டும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

புஷ், ஸ்பேசர், கேஸ்கெட் எல்லாம் லேத்காரரும் கேஸ்கெட் ஷீட்டும் பார்த்துக்கொள்வார்கள், அலைய வேண்டாம். என் வண்டியில் இப்போது மிச்சம் இடது பக்க சைடு பேனல் ஒன்றுதான். வலது பக்கம் மூன்று சேர்ந்துவிட்டது.