வெனீர் ஒட்டும் முன் சிமெண்ட் நிறத்தையும் பாருங்கள்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ முன்பல்லுக்கு செராமிக் வெனீர், அதாவது பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய ஓடு, வைக்கப் போகிறீர்களா? வெனீரின் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டிவிடாதீர்கள். அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லியதாக, ஒளி ஊடுருவும் செராமிக்காக இருந்தால் அடியில் ஒட்டுப்பசையாகப் பூசும் சிமெண்டின் நிறம் வெளியே தெரியும்; ஒபேக் (ஒளி புகாத) வெள்ளை வைத்தால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி பளிச்சென்று, உயிரில்லாமல் நிற்கும், மஞ்சள் சாயல் வைத்தால் மொத்தப் பல்லும் மஞ்சளடிக்கும். சிமெண்ட் இறுகிவிட்டால், நிறத்தை மாற்ற வெனீரையே அகற்ற வேண்டிவரும்.

அதனால் முதலில் சிமெண்டின் நிறத்திலேயே வரும் சோதனைப் பசையான ட்ரை-இன் பேஸ்ட் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், தண்ணீரில் கழுவினால் போய்விடும். பல் காய்வதற்கு முன்பே, ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பிடித்துப் பாருங்கள், ஏனென்றால் காய்ந்த பல் கொஞ்ச நேரம் வெளுப்பாகத்தான் தெரியும். அப்புறம், லைட் க்யூர் (ஒளி பட்டு இறுகும்) சிமெண்டா என்றும் கேளுங்கள். சில டூயல் க்யூர் (ஒளியாலும் வேதிவினையாலும் இறுகும்) வகைகள் நாளடைவில் மஞ்சளாகும். பல்லை முழுதாக மூடும் தடித்த ஜிர்கோனியா கிரவுனுக்கு இந்த சிமெண்ட் நிறக் கவலை குறைவு.