பானையை உடைக்காதே தம்பி: ஃபோன் கேம் பிள்ளைகளுக்கு டி அண்ட் டி நடத்துவது எப்படி

காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்கு ஒரு மொபைல் சர்வீஸ் கடை. டிஸ்பிளே உடைந்து வரும் போன்களில் பாதி, கேமில் தோற்ற கோபத்தில் பையன்கள் விட்டெறிந்தவை. பெங்களூரில் வேலை பார்த்த நாலு வருஷத்தில் ரூம்மேட் ஒருத்தன் எனக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டி அண்ட் டி என்கிற கதை விளையாட்டைப் பழக்கிவிட்டான். ஊர் திரும்பியதும் கூட விளையாட ஆளில்லாமல், கடைக்கு வரும் பையன்களையே பிடித்துவிட்டேன்: அக்கா மகன், அவன் கூட்டாளிகள் மூணு பேர். கோட்டையூரில் அப்பா பார்த்துக்கொள்ளும் செட்டியார் வீட்டில்தான் விளையாட்டு. வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள், கல்யாணம், முன்னோருக்குச் செய்யும் படைப்பு என்றால்தான் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டு, நடு முற்றமான வளவைச் சுற்றிய தாழ்வாரப் பத்தியில் ஜமுக்காளம் விரித்தால் தீர்ந்தது.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டி, பாத்திரத்தின் திறமைக்குரிய எண்ணைக் கூட்ட வேண்டும். சுலபமான காரியத்துக்குக் குறைந்தது 10, நடுத்தரத்துக்கு 15, கஷ்டமானதுக்கு 20 வந்தால் ஜெயம். அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பகடை கிடைக்காவிட்டால் 1 முதல் 20 வரை சீட்டெழுதி ஒரு சொம்பில் போட்டுக் குலுக்குங்கள். முதல் நாள் அக்கா மகனுக்கு 1 விழுந்ததும் “தாயம்!” என்று துள்ளினான். வீட்டுத் தாயத்தில் ஒன்று விழுந்தால்தான் காய் இறங்கும். இங்கே அடிக்கப் போகும்போது ஒன்று விழுந்தால் வீச்சு கட்டாயம் தப்பும், சில சமயம் ஆளே கட்டையில் போக வேண்டியதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் உட்கார்ந்ததும் பாத்திரம் எழுதச் சொல்லாதீர்கள். “போன்ல, கம்ப்யூட்டர்ல என்னடா விளையாடுறீங்க?” என்று கேளுங்கள். பதிலிலேயே உங்களுக்குப் பாதி வேலை முடிந்துவிடும். மைன்கிராஃப்ட் பையன் கதவைத் தேட மாட்டான், சுவரை இடிக்கப் பார்ப்பான். ஃப்ரீ ஃபயர் பையன் முதலில் ஒளிய இடம் பார்ப்பான், பேச்சுவார்த்தை அவன் அகராதியில் கிடையாது. ஸ்கைரிம் விளையாடினவன் எல்லாப் பானையையும் திறந்து பார்ப்பான். யாரும் தப்பு செய்யவில்லை. அவனவன் பழகின உலகத்தின் சட்டத்தோடு வந்திருக்கிறான், அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. “இது வீடியோ கேம் இல்லடா” என்று ஒரு மத்தியானத்தில் பத்து தடவை சொல்லியிருப்பேன். அடுத்த ஞாயிறு ஒருத்தனும் வரவில்லை. அந்த வாரம் யோசித்தபோதுதான் உறைத்தது: நான் திட்டிக்கொண்டிருந்த பழக்கங்களில் பல, டி அண்ட் டியிலிருந்து கேமுக்குப் போனவை. 1974ல் வந்த டி அண்ட் டியிலேயே உயிர்ப்புள்ளி உண்டு, லெவல் உண்டு. 1981ல் வந்த கம்ப்யூட்டர் கேம்களான அல்டிமாவும் விசார்ட்ரியும் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டன. ரங்கூனுக்குப் போய்ச் சம்பாதித்துத் திரும்பிய பிள்ளை வேறு பேச்சு பேசுகிறான் என்று வாசலில் நிறுத்தவா முடியும்?

ஆனால் கேமில் ஒரு பொருளை வைத்து என்ன செய்யலாம் என்பது அதை எழுதியவர் முன்கூட்டியே தீர்மானித்தது. ஜமுக்காளத்தில் அப்படி இல்லை. இது பிள்ளைகளின் மண்டையில் ஏற வேண்டுமானால் சொல்லிப் புரிய வைக்காதீர்கள், நடத்திக் காட்டுங்கள்.

எங்கள் மூணாவது ஆட்டம். பாழடைந்த மாளிகையின் சாமான் அறை. சுவரோரம் இடுப்பு உயரத்துக்குப் பீங்கான் ஜாடிகள். “உடைக்கிறேன்” என்றான் ஸ்கைரிம் பையன். எதுக்கென்று கேட்டேன். “காசு இருக்கும்ல அண்ணே.” உருட்டவே சொல்லவில்லை. ஜாடியை உடைக்கத் திறமை எதற்கு? “ஜாடி உடைஞ்சது. உள்ளே மாங்காய் ஊறுகாய். எண்ணெய் உன் கால் வழியா ஓடுது. மேல் மாடியில் யாரோ நாற்காலியை நகர்த்துற சத்தம் கேட்குது.” நாலு பேரும் மாடியைப் பார்த்தார்கள், நிஜ மாடியை. அப்புறம் ஒருத்தன் மெதுவாக, “அந்த எண்ணெயைப் படியில் ஊத்தலாமா?” என்றான். இந்தக் கேள்விக்காகத்தான் மூணு வாரம் காத்திருந்தேன். படியில் இறங்கி வந்தவன் வழுக்கி விழுந்தான், சண்டையே நடக்கவில்லை.

ஆக, உடைத்தால் காசு கிடைக்குமா கிடைக்காதா என்பதோடு நிறுத்தாதீர்கள். உள்ளே என்ன இருந்தது, சத்தம் யாருக்குக் கேட்டது, ஜாடி யாருடையது, மூன்றுக்கும் பதில் வைத்திருங்கள்.

அதே மாதிரி ஊர் ஜனங்கள். ஊருணிக் கரையில் ஒரு கிழவி விளக்கோடு நிற்கிறாள் என்றேன். “தலைக்கு மேல மஞ்சள் ஆச்சரியக்குறி இருக்கா?” என்றான் அக்கா மகன். 2004ல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் வேலை கொடுக்கும் ஆளுக்கு அப்படித்தான் குறி இருக்கும். குறி இல்லையென்றால் அவர்கள் கண்ணுக்கு அவள் வெறும் ஜோடனை. இதற்கு நான் கண்ட வழி: வருகிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தேவையும், கையில் ஒரு வேலையும் கொடுத்துவிடுவது. கிழவி விளக்குத் திரியை நகத்தால் தூண்டிக்கொண்டே, “எண்ணெய் தீரப் போகுது, யாராவது கூடத் துணைக்கு நில்லுங்களேன்” என்றாள். வேலை கொடுக்கவில்லை, துணை கேட்டாள். நின்றார்கள். தண்ணீரில் என்ன தெரிகிறது என்று அவர்களாகவே கேட்டார்கள்.

பாத்திரத்தின் திறமைகளும் எண்களும் எழுதிய தாளை முதல் அரைமணி நேரம் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். நான் சொன்னதில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். தாள் கண்ணெதிரே இருந்தால் அது பட்டன் மாதிரி: “ஸ்டெல்த்”, “அட்டாக்”, “பெர்சுவேஷன்.” கவிழ்த்து வைத்தால் வாக்கியமாகப் பேசியாக வேண்டும். “அடிக்கிறேன்” என்றால் “எப்படி?” என்று கேளுங்கள். “ஒளிகிறேன்” என்றால் “எதுக்குப் பின்னாடி?” பதில் நன்றாக இருந்தால் இலக்கை 15லிருந்து 10க்கு இறக்குங்கள், அல்லது பகடையே வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். பேசக் கூச்சப்படும் பிள்ளையை மட்டும் இதில் நெருக்க வேண்டாம். ஒரு வார்த்தை சொன்னாலும் போதும், மீதியை நீங்கள் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்த பிரச்சினை, எதிரே வருவதெல்லாம் தங்கள் லெவலுக்கு அளந்து வைத்தது என்கிற நம்பிக்கை. பல கேம்களில் அப்படித்தான், அதனால் யாரும் ஓட மாட்டார்கள். ஓட வேண்டிய எதிரி என்றால் ஆளைக் காட்டுமுன் தடயத்தைக் காட்டுங்கள்: நடுவில் ஒடிந்த தேக்குத் தூண், அதில் ஆள் உயரத்துக்கு மேலே நகக்கீறல். கூடவே டி அண்ட் டியின் பழைய விதி ஒன்று கைகொடுக்கும். எதிரியைச் சந்தித்ததும் இரண்டு ஆறுமுகப் பகடையை உருட்டுவார்கள். 2 வந்தால் பாய்ந்து அடிக்கும், 12 வந்தால் சிநேகமாகும், நடுவில் வந்தால் சந்தேகமாகப் பார்க்கும். அந்தக் காலத்து விதியில், லெவல் ஏறத் தேவையான அனுபவப்புள்ளியில் பெரும்பங்கு கொண்டுவரும் புதையலுக்குத்தான், கொல்வதற்குக் கொஞ்சம்தான். சண்டை போடாமல் தங்கத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவன்தான் கெட்டிக்காரன். புது விதிப்படி ஆடினாலும் இந்த இரண்டையும் நான் விடுவதில்லை.

கேமில் செத்தால் பழைய இடத்திலிருந்து மறுபடி ஆடலாம், அதனால் “திரும்ப லோட் பண்ணுங்க அண்ணே” என்று ஒருநாள் வரும். பாத்திரம் சாகலாம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், செத்த பிறகு சொன்னால் சண்டைதான். எனக்கு இன்னும் பிடித்தது, தோற்றால் சாகாமல் வேறு எதையாவது இழப்பது: வாள், பேர், ஒரு ராத்திரி.

கேமிலிருந்து நான் வெட்கமில்லாமல் திருடிய ஒன்றும் உண்டு. 2022ல் வந்த எல்டன் ரிங்கில் பெரிய எதிரி அடிக்குமுன் ஆயுதத்தை ஓங்கும், அந்த இடைவெளியில்தான் உருண்டு தப்ப வேண்டும். எங்கள் பூதத்துக்கு அதையே கொடுத்தேன். “பூதம் அம்மிக்கல்லைத் தலைக்கு மேலே தூக்குது. அடுத்த சுற்றில் இறக்கும்.” ஒருத்தன் தூணுக்குப் பின்னால் போனான், இன்னொருத்தன் கிணற்று வாளிக் கயிற்றை அதன் காலில் சுற்றினான். அடிதடி மட்டுமே என்று நினைத்திருந்த ஃப்ரீ ஃபயர் பையன், “கல்லு தரையில் விழுந்ததும் நான் அது மேல ஏறிக்கிறேன்” என்றான். வரப்போவதை முன்னாலேயே சொன்னால் பயம் போய்விடும் என்று நினைத்தேன். பயம் கூடத்தான் செய்தது.

அடி தாங்குகிறவன் டேங்க், காயம் ஆற்றுகிறவன் ஹீலர் என்று வேலை பிரிப்பதைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். 2008ல் வந்த டி அண்ட் டி நாலாம் பதிப்பே பாத்திரங்களை நாலு வேலையாகப் பிரித்து, ஆன்லைன் கேம் மாதிரி ஆகிவிட்டது என்று பலரிடம் திட்டு வாங்கியது. எங்களில் ஹீலராக யாருக்கும் இஷ்டமில்லை. பச்சிலை அரைக்கத் தெரிந்த ஒரு கோவேறு கழுதைக்காரனைக் கூடவே அனுப்பிவிட்டேன்.

கடைசியாக, உலகத்தின் தோற்றம். பிள்ளைகளின் மனதில் ஃபேண்டஸி என்றால் பனி, கருங்கல் கோட்டை, தோளில் குடை விரித்த மாதிரி கவசம். கேலி செய்யாதீர்கள், கோட்டையிலேயே தொடங்குங்கள். நாலாவது அறைக்குப் போகும்போது தரையில் ஆத்தங்குடிக் கல்லைப் போட்டுவிடுங்கள். செட்டிநாட்டு வீட்டைப் போல நல்ல வரைபடம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று வாசல்கள் நேர்கோட்டில் போகும், தெரு வாசலில் நின்றால் கொல்லைக் கதவு தெரியும். கேமில் வருகிற குகை வளைந்து வளைந்து போகும், எதிரி திடீரென்று வருவான். இங்கே உங்களுக்கு அவன் தெரிகிறான், அவனுக்கு நீங்களும் தெரிகிறீர்கள், நடுவில் வானம் பார்த்த வளவு. பகலா, ராத்திரியா, மழையா என்பது சட்டென்று முக்கியமாகிவிடும்.

போன ஞாயிறு மூன்றாம் கட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். உள்ளே பூதத்தின் அண்ணன். ஒருத்தனும் வாளை எடுக்கவில்லை. “உனக்கு என்ன வேணும்னு கேட்கிறோம்” என்றான் அக்கா மகன். பகடை இரண்டையும் உருட்டினேன், 11. விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது என்று அப்பா சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்ததால் தப்பித்தேன். நான் சண்டைக்கு மட்டும்தான் தயார் செய்து வைத்திருந்தேன். அந்தப் பூதத்துக்கு என்னதான் வேண்டும் என்று அடுத்த ஞாயிறுக்குள் கண்டுபிடிக்க வேண்டும்.