டைனோசர் பெயரை உடைத்துப் படியுங்கள்

வெள்ளவத்தை நடைபாதைக் கடையில் மகளுக்கு வாங்கிய பிளாஸ்டிக் டைனோசரின் வயிற்றில் அதன் பெயர் பொறித்திருந்தது. எழுத்துக் கூட்டிக் கூட்டியே அவள் களைத்துவிட்டாள். இப்படிப்பட்ட பெயர்களைப் பிள்ளைகளிடம் மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள், உடைத்துக் காட்டுங்கள். பெரும்பாலானவை கிரேக்கச் சொற்களைக் கோத்தவைதான். ட்ரைசெராடாப்ஸ்: 'ட்ரை' மூன்று, 'செராட்' கொம்பு, 'ஆப்ஸ்' முகம். பொம்மையின் கொம்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணியபின் அவள் அந்தப் பெயரை மறக்கவே இல்லை.

'சோரஸ்' என்றால் பல்லி. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பெயரில் சோரஸ் இருந்துவிட்டால் மட்டும் அது டைனோசர் ஆகிவிடாது. கடலில் வாழ்ந்த மோசசோரஸ் டைனோசரே அல்ல.

இரண்டு சொற்கள் சேர்ந்து வந்தால் முதலாவது பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள உயிரினங்களின் கூட்டம்; அடுத்தது சிற்றினம், அதாவது அதற்குள் ஒரு குறிப்பிட்ட வகை. 1905 இல் பெயர் பெற்ற டைரனோசோரஸ் ரெக்ஸில் 'ரெக்ஸ்' லத்தீன் சொல், பொருள் அரசன். ஆங்கிலத்தில் எழுதும்போது பேரினத்துக்கு மட்டுமே பெரிய எழுத்து. பிள்ளையின் கொப்பியில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

வகைப்படுத்தலுக்கு இடுப்பெலும்பைப் பார்க்க வேண்டும். 1887 இல் ஹாரி சீலி என்ற தொல்லுயிர் ஆய்வாளர் டைனோசர்களைப் பல்லி இடுப்பு, பறவை இடுப்பு என இரண்டாகப் பிரித்தார். வியப்பு என்னவென்றால், பறவைகள் வந்தது பல்லி இடுப்புக் கூட்டத்திலிருந்துதான். காலிமுகத்திடலில் இறால் வடைத் துண்டுக்காகத் தத்தித் தத்தி வரும் காகத்தைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். அதுவும் அந்தக் கூட்டம்தான்.